பக்கத்து நாடுகளின் ஆற்றல் செறிவுக் கோடுகள்: எது சிக்கனம், எது கணக்கு வழக்கு

எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா. பால்டிக் கடலோரம் வரிசையாக நிற்கும் 3 சிறிய நாடுகள். 1991 வரை மூன்றும் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தன. 2004 மே 1 அன்று ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. குளிர் ஏறக்குறைய ஒன்றுதான். மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளும் ஒரே காலத்தில், ஒரே பாணியில் எழுப்பிய கான்கிரீட் பலகைக் கட்டடங்கள்தான். ஆனாலும் இவற்றின் ஆற்றல் செறிவை, அதாவது ஒரு குறிப்பிட்ட மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற அளவை, ஒரே தாளில் வரைந்தால் மூன்று கோடுகளும் மூன்று கதை சொல்கின்றன. லித்துவேனியாவின் கோடு 2010-இல் படி இறங்கியதுபோல் ஒரே ஆண்டில் சரிகிறது. எஸ்தோனியா நெடுங்காலம் உயரத்திலேயே இருந்துவிட்டு 2019-இல் சட்டென்று விழுகிறது. லாத்வியாவின் கோடு ரம்பப் பல்போல் ஏறி இறங்கியபடியே தாழ்கிறது.

இதைப் பார்த்தவுடன் "எந்த நாட்டின் கொள்கை வென்றது?" என்று கட்டுரை எழுத உட்காருபவர்கள் நிறைய. என் கருத்து: இந்த மூன்று அசைவுகளிலும் பெரும்பகுதிக்கும் சிக்கனத்துக்கும் சம்பந்தம் குறைவு. ஒன்றொன்றாக உரித்துப் பார்த்தால்தான் உண்மையான சிக்கனம் எவ்வளவு என்று தெரியும்.

ஆற்றல் செறிவு என்பது ஒரு வகுத்தல். மேலே முதன்மை ஆற்றல், கீழே ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. எரிபொருள் மின்நிலையத்துக்குள் நுழையும் நிலையில் அளப்பது முதன்மை ஆற்றல். வீட்டு மீட்டரிலும் பெட்ரோல் பங்கிலும் அளப்பது இறுதி ஆற்றல். குழப்பம் தொடங்குவதே இந்த மேல்வரியில்தான்.

லித்துவேனியாவின் அந்தப் படிக்கட்டுக்குக் காரணம் இக்னலினா அணுமின் நிலையம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் அதை மூட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் உலை 2004 டிசம்பர் 31 அன்றும் இரண்டாவது 2009 டிசம்பர் 31 அன்றும் நின்றன. நாட்டின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. சர்வதேச எரிசக்தி முகமையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டும் பின்பற்றும் மரபுப்படி, அணு மின்சாரத்தின் முதன்மை ஆற்றலை உலையின் வெப்பத்திலிருந்து எடுக்கிறார்கள். அந்த வெப்பம் 33 சதவீதத் திறனில் மின்சாரமாகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது 10 டெராவாட் மணி அணு மின்சாரம், ஏட்டில் 30 டெராவாட் மணி முதன்மை ஆற்றல். அதே 10-ஐ எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கினால் ஏட்டில் 10 மட்டுமே. காற்றாலையில் எடுத்தாலும் 10. 50 சதவீதத் திறனுள்ள எரிவாயு நிலையத்தில் எடுத்தால் 20. வீடுகளிலும் ஆலைகளிலும் ஒரு பல்புகூட மாறாமல், உலையை மூடி மின்சாரத்தை வாங்கத் தொடங்கியதாலேயே 20 டெராவாட் மணி, அதாவது 72 பெட்டாஜூல், கணக்கிலிருந்து மறைகிறது.

ஜெர்மனியைப் பிரான்சோடு ஒப்பிடும்போதும் இதே பூதம் எழும். ஜெர்மனியின் கடைசி 3 உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன. பிரான்ஸ் தன் உலைகளை ஓட்டுகிறது. புவிவெப்பத்துக்கு மரபுத் திறன் வெறும் 10 சதவீதம் என்பதால் ஐஸ்லாந்தின் செறிவு வானத்தில் நிற்பது இன்னும் வேடிக்கை. அங்கே 1 அலகு புவிவெப்ப மின்சாரம் ஏட்டில் 10 அலகு.

எஸ்தோனியாவின் வீழ்ச்சிக்கு வேறு காரணம். அந்த நாட்டின் மின்சாரம் பல பத்தாண்டுகளாக நார்வா நகரை ஒட்டிய நிலையங்களில் ஆயில் ஷேல் என்ற எரியும் பாறையை எரித்து எடுத்ததுதான். ஷேல் மோசமான எரிபொருள். கிலோவுக்கு 8 முதல் 10 மெகாஜூல்தான் கிடைக்கும்; எரித்தபின் எடையில் ஏறத்தாழ பாதி சாம்பலாக மிஞ்சும். பழைய கொதிகலன்களில் 1 அலகு மின்சாரத்துக்கு 3 அலகு எரிபொருள் போனது. 2018, 2019-இல் கரியமில வாயு வெளியிட நிலையங்கள் வாங்க வேண்டிய ஐரோப்பியக் கார்பன் உரிமங்களின் விலை ஏறியபோது ஷேல் மின்சாரம் சந்தையில் போட்டியிட முடியாமல் போனது. அதுவரை மின்சாரம் விற்ற நாடு 2019-இல் வாங்கும் நாடாகிவிட்டது. வாங்கிய ஒவ்வோர் அலகுக்கும் ஏட்டில் 2 அலகு மிச்சம். நார்வாவில் புகை குறைந்தது. தலைநகர் தாலினில் இருக்கும் குளிர்பதனப் பெட்டி பழைய அளவு மின்சாரத்தையே இழுத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு சுருக்கு: ஷேலை வாலையில் வடித்து எண்ணெயாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். வடிக்கும்போது வரும் இழப்பு எஸ்தோனியாவின் கணக்கில் விழும். எண்ணெயை எரித்துப் பயன்பெறுபவர் வேறொரு நாட்டில் இருப்பார். மின் உற்பத்தி சரிந்து எண்ணெய் உற்பத்தி கூடும் ஆண்டுகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

லாத்வியாவின் ரம்பப் பல்லுக்கு மழையும் உருகும் பனியும் பொறுப்பு. தௌகவா ஆற்றின் மேல் பிளாவினாஸ், கேகும்ஸ், ரீகா என்று 3 நீர்மின் நிலையங்கள். நீர்மின்சாரம் கணக்கில் 1-க்கு 1. ஆற்றில் நீர் வற்றிய ஆண்டில் தலைநகர் ரீகாவின் எரிவாயு நிலையங்கள் கூடுதலாக ஓடும்; முதன்மை ஆற்றல் ஏறும். வெள்ளம் வந்த ஆண்டில் நாடு சிக்கனமானதுபோல் தோன்றும். நீர்மின்சாரத்தை நம்பிய எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். இதற்கு மருந்து எளிது: தனி ஆண்டைப் பார்க்காமல் 5 ஆண்டு நகரும் சராசரியைப் பாருங்கள்.

சரி, மூன்றையும் ஒரே தராசில் வைப்பது எப்படி? மின் உற்பத்தி மாறிய சலசலப்பை நீக்க நான் நம்பும் வழி ஒன்றுதான். இறுதி ஆற்றலை எடுத்து, அதில் மின்சாரத்தை மட்டும் எல்லா நாட்டுக்கும் எல்லா ஆண்டுக்கும் ஒரே மாறாத எண்ணால் பெருக்குங்கள்; 1 அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு முதன்மை ஆற்றல் என்று சொல்லும் எண் அது. ஐரோப்பிய ஆற்றல் திறன் விதிமுறையில் இப்போதைய பொது எண் 1.9, முன்பு 2.5 ஆகவும் பிறகு 2.1 ஆகவும் இருந்தது. எதை எடுத்தாலும் நடுவில் மாற்றக்கூடாது. 2015 வரை 2.5, அதன்பின் 1.9 என்று ஒட்டினால், நீக்க வந்த சலசலப்பை நீங்களே திரும்பக் கொண்டுவந்துவிடுவீர்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. நகரங்களில் குழாய் வழியே வீடுகளுக்குச் சுடுநீர் அனுப்பும் வெப்ப வலையமைப்பில் வரும் இழப்பு, இறுதி ஆற்றலில் சேராது. காப்பு சிதைந்த பழைய குழாய்களில் கால்வாசி வரை வழியிலேயே போவதுண்டு. ஒரு நாடு பல கிலோமீட்டர் குழாயைத் தோண்டி, ஆலையிலேயே காப்பு ஏற்றிய புதுக் குழாய் பதித்தால் அது அசல் சிக்கனம். ஆனால் நம் கோட்டில் தெரியாது. ஆகவே வெப்ப வலையமைப்பை நம்பியிருக்கும் நாடுகளுக்கு "வலைக்குள் விட்ட வெப்பம், வீட்டில் அளந்த வெப்பம்" என்ற விகிதத்தைத் தனிப் பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யூரோஸ்டாட் அட்டவணையை இறக்குபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று: "இறுதி ஆற்றல் நுகர்வு" என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. ஆற்றல் சமநிலை அட்டவணையின் வரி, ஹீட் பம்ப் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் உறிஞ்சும் சுற்றுப்புற வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஒன்றிய இலக்குகளுக்காகக் கணக்கிடும் வரி அதைச் சேர்க்காது. பதிலாகப் பன்னாட்டு விமான எரிபொருளைச் சேர்க்கும். ஒரு வீடு 4 அலகு வெப்பத்தை மின்ஹீட்டரில் எடுத்துக்கொண்டிருந்தது என்று வையுங்கள். இப்போது ஹீட் பம்ப் வைத்து 1 அலகு மின்சாரமும் 3 அலகு சுற்றுப்புற வெப்பமுமாக எடுக்கிறது. முதல் வரியில் 4 அப்படியே 4. இரண்டாவதில் 4 என்பது 1 ஆகிறது. ஹீட் பம்ப் பரவிய நாட்டையும் பரவாத நாட்டையும் ஒப்பிடும்போது எந்த வரியை எடுத்தோம் என்பதே முடிவைத் தலைகீழாக்கும்.

எரிக்காத எரிபொருளையும் கழிக்க வேண்டும். லித்துவேனியாவின் யோனவா நகரத்து உர ஆலை அந்த நாட்டின் மிகப் பெரிய எரிவாயு வாடிக்கையாளர். அது வாங்கும் வாயுவில் பெரும்பங்கு அம்மோனியாவுக்கு மூலப்பொருளாகப் போகிறது. 2022-இல் வாயு விலை உச்சத்துக்குப் போனபோது ஆலை உற்பத்தியை நிறுத்தியது. நாட்டின் வாயு நுகர்வு சரிந்தது. இதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆற்றல் அல்லாத பயன்பாட்டைக் கழிக்காத வரியை எடுத்தவர், தெரியாமலே அப்படிச் சொல்லிவிடுகிறார்.

கீழ்வரியான ஜிடிபியும் சாது அல்ல. நாடுகளின் அளவை ஓர் ஆண்டில் ஒப்பிட வாங்கும் திறன் சமநிலையில், அதாவது அந்தந்த நாட்டு விலைவாசியைப் பார்த்து, மாற்றிய ஜிடிபி வேண்டும். ஒரே நாட்டின் போக்கைப் பார்க்க விலைவாசி உயர்வை நீக்கிய நிலையான விலை ஜிடிபி வேண்டும். நடப்பு விலையில் உள்ள எண்களைக் காலவரிசையாக அடுக்கினால் விலைவாசி உயர்வே சிக்கனமாகத் தெரியும். அயர்லாந்துதான் இதில் பாடநூல் உதாரணம். 2015-இல் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே பதிவு மாற்றியதில் ஜிடிபி ஒரே ஆண்டில் சுமார் 25 சதவீதம் தாவியது. ஆற்றல் செறிவு தானாகவே விழுந்தது. பக்கத்தில் இருக்கும் பிரிட்டனோடு அயர்லாந்தை ஒப்பிட வேண்டுமானால், அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே வெளியிடும் திருத்திய மொத்த தேசிய வருமானத்தைக் கீழே போடுங்கள். நார்வேயை ஸ்வீடனோடு ஒப்பிடுபவர்கள், எண்ணெய் எடுப்பையும் கப்பல் போக்குவரத்தையும் விட்டுவிட்ட நிலப்பகுதி ஜிடிபியை எடுப்பது நல்லது. ஆனால் கீழே அதைக் கழித்தால் மேலேயும் எண்ணெய் மேடைகள் எரிக்கும் வாயுவைக் கழிக்க வேண்டும். பாதிக் கழித்தல் கழிக்காததைவிட மோசம்.

தொடக்க ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பால்டிக் நாடுகளை 2010-லிருந்து தொடங்கி வரைந்த படங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். 2009-இல் மூன்று பொருளாதாரங்களும் ஏறத்தாழ 14 முதல் 15 சதவீதம் சுருங்கின. உற்பத்தி பாதியானாலும் ஆலைக் கட்டடத்தைச் சூடாக வைத்தே ஆக வேண்டும். உலையை அணைக்காமல் காக்க வேண்டும். அதனால் மந்தத்தில் செறிவு ஏறும். அதன்மேல் 2010-இல் கடுங்குளிர் வேறு. இரண்டும் சேர்ந்து தொடக்கப் புள்ளியைத் தூக்கிவிடுவதால் அதற்குப் பின் வரும் எந்தக் கோடும் அழகாக இறங்கும். லித்துவேனியாவில் அணு உலை மூடல் எதிர்த் திசையில் இழுக்கிறது. ஆக, மூன்று நாட்டுக்கும் 2010 மூன்று விதமான ஆண்டு.

குளிரைச் சரிசெய்வது கடினமான வேலை அல்ல. ஆனால் பலர் அவசரத்தில் கெடுப்பது இதைத்தான். யூரோஸ்டாட்டின் முறை: நாள் சராசரி வெப்பநிலை 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதை 18-லிருந்து கழியுங்கள், மேலே இருந்தால் 0. ஆண்டு முழுக்கக் கூட்டினால் வெப்பமூட்டும் டிகிரி நாள்கள் கிடைக்கும். இப்போது ஒரு நாட்டின் வீடுகள் 100 அலகு எரித்தன, அதில் 65 அறைகளைச் சூடாக்க, அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட 10 சதவீதம் மென்மையானது என்று வையுங்கள். 65-ஐ 0.9-ஆல் வகுத்தால் 72.2, மற்ற 35-ஐக் கூட்டினால் 107.2. மொத்த 100-ஐயும் 0.9-ஆல் வகுப்பவருக்கு 111.1 வரும். சமையலும் விளக்கும் குளிருக்குக் கட்டுப்பட்டவை அல்ல. வழக்கமான குளிர் என்று எந்தக் காலத்தை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நாடுகளுக்கிடையே அது ஒரே காலமாக இருக்கட்டும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி: தொழில் அமைப்பு. லாத்வியாவின் லியபாயா எஃகு ஆலை 2013-இல் நொடித்தது. அத்தனை மின்சாரம் குடித்த ஆலை நின்றபின் தொழில்துறையின் செறிவு குறையாமல் என்ன செய்யும்? இதைப் பிரித்தெடுக்க மடக்கைச் சராசரிப் பகுப்பாய்வு என்று ஒரு முறை இருக்கிறது. பெயர்தான் மிரட்டும், எக்செல் தாளில் அரைமணி வேலை.

கற்பனை நாடு ஒன்று. முதல் ஆண்டில் உற்பத்தி மதிப்பில் தொழில் 40 சதவீதம், சேவை 60. தொழிலின் செறிவு 10, சேவையின் செறிவு 2. கூட்டுச் செறிவு 0.4 × 10 + 0.6 × 2 = 5.2. 10 ஆண்டு கழித்துத் தொழில் 30 சதவீதம், சேவை 70. செறிவுகள் 9, 1.9. கூட்டு 2.7 + 1.33 = 4.03. மொத்தச் சரிவு 1.17, அதாவது 22.5 சதவீதம். ஆண்டுக்கு 2.5 சதவீதம். செய்தித்தாளுக்கு இது போதும்.

இப்போது உரிப்போம். ஒவ்வொரு துறைக்கும் பங்கையும் செறிவையும் பெருக்கிய எண்ணை எடுங்கள்: தொழிலுக்கு 4.0-லிருந்து 2.7, சேவைக்கு 1.2-லிருந்து 1.33. மடக்கைச் சராசரி என்பது இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் இயல் மடக்கைகளின் வித்தியாசத்தால் வகுப்பது. தொழிலுக்கு 3.31, சேவைக்கு 1.26 வரும். அமைப்பின் பங்கு: 3.31-ஐ 30/40-இன் மடக்கையாலும், 1.26-ஐ 70/60-இன் மடக்கையாலும் பெருக்கிக் கூட்டினால் −0.76. சிக்கனத்தின் பங்கு: அதே எடைகளை 9/10, 1.9/2 ஆகியவற்றின் மடக்கைகளால் பெருக்கிக் கூட்டினால் −0.41. இரண்டும் சேர்ந்து −1.17, மீதம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 2.5 என்று முழங்கியதில் சிக்கனம் 0.9 சதவீதம்தான். மற்றதெல்லாம் ஆலை மூடி அலுவலகம் திறந்தது.

பழைய முறையில், முதலில் பங்கை மாற்றி அப்புறம் செறிவை மாற்றினால் சிக்கனத்துக்கு 0.37 வரும், வரிசையைத் திருப்பினால் 0.46. எந்த வரிசை சரி என்று சண்டை போட வேண்டாம் என்பதற்காகத்தான் மடக்கை. இதிலும் சிக்கல்கள் உண்டு. ஒரு துறை முழுதாக 0 ஆகிவிட்டால் மடக்கை உடையும். அந்த இடத்தில் 0.0000000001 போன்ற மிகச் சிறிய எண்ணைப் போடுங்கள். துறைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறீர்களோ, அவ்வளவுக்குச் சிக்கனத்தின் பங்கு மாறும். இரும்பு என்ற ஒரே பெட்டிக்குள் தாதுவிலிருந்து எடுக்கும் ஊதுலையும் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் சிக்கனமாகவே எண்ணப்படும். பக்கத்து நாடு நுணுக்கமாகப் பிரித்த 30 துறைகளை உங்கள் 8 துறைகளோடு வைக்காதீர்கள். இரண்டையும் குறைந்த எண்ணிக்கைக்கு இறக்குங்கள்.

பணக் கணக்கை விட்டு வெளியே வர முடிந்த இடத்தில் வந்துவிடுவதே மேல். வீட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் மணி, எஃகுக்கு டன்னுக்கு எத்தனை ஜிகாஜூல். சோவியத் காலப் பலகைச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1 வாட் கசிகிறது என்று வைத்தால், 150 மில்லிமீட்டர் கனிமக் கம்பளிக் காப்பு ஒட்டினால் அது 0.2 வாட்டுக்கு இறங்கும். ஆனால் சுவரை மூடிவிட்டு, கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள வெப்பப் பரிமாற்றியின் வளைகோட்டை, அதாவது வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டை நிர்ணயிக்கும் அமைப்பை, பழையபடியே விட்டால், உள்ளே 25 டிகிரி ஆகும்; குடியிருப்பவர் ஜன்னலைத் திறப்பார்; மீட்டரில் எதிர்பார்த்த இறக்கம் வராது. ரேடியேட்டர்களின் நீரோட்டத்தை மறுபடி சமன் செய்து, வரும் நீரின் வெப்பநிலையைக் குறைத்தால்தான் சுவர் வேலை பலிக்கும். ஒரே மானியத் தொகையில் ஒரு நாடு பாதி சேமிக்கவும் அடுத்த நாடு கால்வாசி மட்டும் சேமிக்கவும் இது போதுமான காரணம்.

போக்குவரத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அங்கே நாட்டு எல்லை என்பதே பொருளிழக்கிறது. எரிபொருள் எங்கே விற்கப்பட்டதோ அந்த நாட்டின் கணக்கில் ஏறும். லக்சம்பர்க்கில் வரி குறைவு என்று சுற்றியுள்ள நாட்டு லாரிகள் அங்கே நிரப்பிக்கொண்டு போனதால், அந்த நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டேங்கர் எரிப்பதுபோல் எண்கள் வரும். லித்துவேனியாவில் நேர்மாறு. அதன் லாரி நிறுவனங்கள் ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றுகின்றன; வருமானம் லித்துவேனிய ஜிடிபியில், டீசலின் பெரும்பகுதி வழியில் எந்த நாட்டில் நிரப்பினார்களோ அங்கே. கார்களில் மட்டும் ஓரளவு சுத்தமாக ஒப்பிடலாம்: புதிதாகப் பதிவாகும் வண்டிகளின் சராசரி உமிழ்வைப் பாருங்கள். லித்துவேனியா 2020 ஜூலையில் உமிழ்வை வைத்துப் பதிவு வரி கொண்டுவந்தது. எஸ்தோனியா கார் வரியை 2025-இல்தான் தொடங்கியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார்கள் மிகுந்த சந்தைகள் இவை. புதிய வண்டிகளின் பட்டியலை மட்டும் எடுத்தால் சாலையில் ஓடுவதில் சிறு பகுதிதான் கண்ணில் படும்; முதல்முறை பதிவாகும் பழைய வண்டிகளையும் சேர்த்து எடுங்கள்.